கரண்டிக் குழியில் ஒரு முத்திரை

வரலாற்று நூல்களில் அரசரின் முடியும் வாளும் பெற்ற இடத்தை அடுக்களைப் பொருள்கள் பெற்றதில்லை. ஆயினும் ஒரு நாட்டு மக்கள் எவ்வாறு உண்டனர், யாரை நம்பிப் பொருள் வாங்கினர், எதைப் போற்றிக் காத்தனர் என்பவற்றை அறிய அடுக்களைப் பொருள்களே உறுதியான சான்றுகளாகின்றன. ஆங்கில நாட்டில் இடைக்காலம் தொட்டு 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதிவரை செய்யப்பட்ட பியூட்டர் கரண்டிகள் அத்தகைய சான்றுகளுள் அடங்கும். ஒரு சாணுக்கும் குறைந்த நீளமுடைய அக்கரண்டிகளில், செய்தவன் தன் அடையாளத்தைப் பொறித்து வைத்தான். கடுகளவினும் சற்றே பெரிய அந்த முத்திரைக்குப் பின்னால் ஒரு தொழிற்குலத்தின் அறமும், ஒரு பெருந்தீயின் கதையும், பெயரிழந்த பல நூறு கைகளின் உழைப்பும் உள்ளன. எழுதிய எழுத்தின் கீழ்த் தம் பெயரை இடும் கவிஞர்கட்கு இவ்வரலாறு அயலானது அன்று என்னும் எண்ணத்தால் இக்கட்டுரை எழுதப்படுகின்றது.

உலோகமும் வார்ப்பும்

பியூட்டர் என்பது வெள்ளீயத்தை முதன்மையாகக் கொண்ட கலப்பு உலோகம். இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியிலுள்ள கார்ன்வால், டெவன் பகுதிகளின் சுரங்கங்கள் பழங்காலந்தொட்டே வெள்ளீயத்துக்குப் பெயர்பெற்றவை. அவ்வெள்ளீயத்துடன் சிறிது செம்பு சேர்த்தால் உறுதி கூடிய உயர்தரப் பியூட்டர் கிடைக்கும். காரீயம் சேர்த்தால் விலை குறையும். உலோகமும் மென்மையாகி, நிறம் மங்கும். பிற்காலத்தில் பிஸ்மத், ஆன்டிமனி ஆகியவற்றைச் சேர்த்துக் கடினமாக்கும் வழக்கமும் வந்தது.

தூய வெள்ளீயம் 232 பாகை செல்சியசு வெப்பத்திலேயே உருகிவிடும். இரசம் வைக்கும் ஈயச் சொம்பை நீரின்றி அடுப்பில் ஏற்றலாகாது என்று நம் வீட்டுப் பெரியோர் எச்சரிப்பதன் காரணம் இதுவே. இந்த இளகிய இயல்புதான் பியூட்டர் கரண்டியின் ஆக்கத்திற்கும் அழிவிற்கும் ஒருசேரக் காரணமாயிற்று. இரு பாதிகளாகப் பிரியும் வெண்கல அச்சினுள் உருகிய உலோகத்தை வார்த்துச் சிறிது நேரத்தில் ஒரு கரண்டியை எடுத்துவிடலாம். வெள்ளிக் கரண்டியையோ சுத்தியால் அடித்து உருவாக்க வேண்டும். அதன் நுனியிலுள்ள குமிழைத் தனியே செய்து பற்றவைக்க வேண்டும். பியூட்டரில் குழியும் காம்பும் குமிழும் ஒரே வார்ப்பில் உருக்கொண்டன.

அதே எளிமையால், வளைந்தும் தேய்ந்தும் போன கரண்டி மீண்டும் உருக்குக் கலத்தை அடைந்தது. பழைய பியூட்டரை எடைபோட்டுக் கொடுத்து, வேறுபாட்டுத் தொகை செலுத்திப் புதியதைப் பெறுவது அந்நாட்டு இல்லங்களின் வழக்கம். ஆகவே ஒரு தலைமுறையின் கரண்டி அடுத்த தலைமுறையின் கரண்டிக்குள் கரைந்து போயிற்று. இன்று எஞ்சியுள்ள பழங்கரண்டிகளிற் பல, கைதவறித் தொலைந்தவை. தேம்சு ஆற்றின் சேறு, தூர்ந்த கிணறு, கோட்டை அகழி ஆகியவற்றினின்றே அவை மீட்கப்பட்டன. பத்திரமாக வைக்கப்பட்டவை உருகி மறைய, தொலைந்துபோனவை நிலைத்து நின்றன.

மேசைக்கு வந்த வரலாறு

எசெக்சு மாநிலத்து ராட்விண்டர் என்னும் ஊரில் சமயகுருவாக இருந்த வில்லியம் ஹாரிசன், 1577இல் வெளிவந்த தம் நாட்டு வருணனை நூலில், ஊர் முதியோர் தம் வாழ்நாளில் கண்ட மாற்றங்களாக மூன்றைக் குறிப்பிடுகின்றார். புகைபோக்கிகள் பெருகியமை ஒன்று. படுக்கை வசதி உயர்ந்தமை மற்றொன்று. மரத்தட்டு பியூட்டர் தட்டாகவும், மரக்கரண்டி வெள்ளியாகவோ வெள்ளீயமாகவோ மாறியமை மூன்றாவது. உழவர் வீட்டில் ஒரு டசன் கரண்டிகள் இருப்பது செல்வத்தின் அடையாளமாயிற்று என்பதும் அவர் குறிப்பால் விளங்குகின்றது.

1545 சூலை 19ஆம் நாள் மூழ்கிய மேரி ரோசு என்னும் போர்க்கப்பல் இந்நிலைக்கு மற்றொரு சான்று. அது 1982இல் கடலடியினின்று உயர்த்தப்பட்டது. அதிகாரிகளுக்குரிய பியூட்டர் கலங்கள் அதிற் கிடைத்தன. துணைத் தளபதி ஜார்ஜ் கேருவின் பெயரெழுத்துகள் பொறித்த தட்டுகளும் அவற்றுள் இருந்தன. எளிய கப்பலாட்களோ மரக்கிண்ணங்களில் உண்டனர். அக்கிண்ணங்களிலும் கத்தியாற் கீறிய கோட்டுக் குறிகள் காணப்படுகின்றன. எழுதத் தெரிந்தவனும் தெரியாதவனும் தனக்குரியதைத் தன் குறியால் அறிந்தான் என்பதை அக்கப்பலின் பொருள்கள் காட்டுகின்றன.

வடிவங்களின் வரிசை

பழங்கரண்டியின் காலத்தை அறிய முதலிற் காணவேண்டுவது அதன் குழி. இடைக்காலந்தொட்டு 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை குழி அத்திக்காய் வடிவினது. காம்பருகில் ஒடுங்கி, முன்புறம் அகன்றிருக்கும். காம்பு மெல்லியது, அறுகோண வெட்டோ வைர வெட்டோ கொண்டது. அதன் நுனியிலே ஒரு குமிழ். வினைஞனின் கற்பனை விளையாடிய இடம் அதுவே. ஓக்கு மரக்கொட்டை, வைரமுனை, உருண்டை, முறுக்கிய உருண்டை, அமர்ந்த சிங்கம், கன்னித்தலை, அக்காலப் பெண்டிர் அணிந்த கொம்புத் தலையணி, தூணின் கடைசல் வடிவம், முத்திரைக் கட்டை எனப் பற்பல குமிழ்கள் இருந்தன. ஏசுவின் சீடர் உருவங்களைக் குமிழாகக் கொண்ட கரண்டிகள் ஞானப்பெயரிடும் நாளில் குழந்தைக்கு அளிக்கும் பரிசாயின. இவற்றிற் பெரும்பாலானவை வெள்ளியாலானவை. இவ்வழக்கத்தைச் சுட்டும் நகைச்சுவைக் குறிப்பொன்று 'எட்டாம் ஹென்றி' நாடகத்தில் இடம்பெறும் அளவிற்கு அது பரவியிருந்தது.

குமிழே இல்லாமல் காம்பின் நுனியைச் சரிவாக வெட்டிவிட்டாற் போன்ற வகையும் ஒன்றுண்டு. தோட்டக்காரர் நடுவதற்காகச் சாய்த்து வெட்டியெடுக்கும் பதியன் குச்சியை ஒத்திருப்பதால் அதற்கு அப்பெயரே அமைந்தது. அணியின்மையே அழகானமைக்கு இதனைச் சான்றாகக் கூறலாம்.

17ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் ஒரு பெரிய மாற்றம் நிகழ்ந்தது. குமிழ் மறைந்தது, காம்பு தட்டையாகி அகன்றது, குழி முட்டை வடிவம் பெற்றது. 1660இல் மன்னராட்சி மீண்ட பின், நுனியில் இரு வெட்டுகளால் மூன்று மடலாகப் பிரியும் வகை பிரான்சு நாட்டுப் பாணியில் பரவிற்று. காம்பு குழியோடு சேருமிடம் வலுவிழக்காமலிருக்கக் குழியின் பின்புறத்தில் எலிவால் போன்ற ஒரு முகடு ஓடவிடப்பட்டது. நூற்றாண்டின் இறுதியில் மூன்று மடல்கள் மென்மையாகி, நாயின் மூக்கை ஒத்த அலைநுனி வந்தது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நுனி வட்டமாகி மேல்நோக்கி வளைந்தது. அந்நாளில் கரண்டியைக் கவிழ்த்து மேசையில் வைப்பர்; ஆகவே உரிமையாளரின் பெயரெழுத்துகள் காம்பின் பின்புறத்தில் வெட்டப்பட்டன. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் நுனி கீழ்நோக்கி வளைந்தது. கரண்டியை நிமிர்த்தி வைக்கும் வழக்கமும் உடன்வந்தது. மேசை ஒழுக்கம் மாறும்போது உலோகமும் வளைந்து கொடுத்தது.

வார்ப்பு முறை அளித்த தனிச்சிறப்பொன்றை இங்கே குறிப்பிடல் வேண்டும். வெள்ளிக் கரண்டியில் சித்திரம் வேண்டுமாயின் ஒவ்வொன்றிலும் தனித்தனியே செதுக்க வேண்டும். பியூட்டருக்கோ அச்சில் ஒருமுறை செதுக்கினாற் போதும். வார்க்கும் ஒவ்வொரு கரண்டியிலும் சித்திரம் எழும். இவ்வழியில் மூன்றாம் வில்லியம், மேரி ஆகியோரின் உருவங்களும், பின்னர் ஆன் அரசியின் உருவமும், அதன்பின் மூன்றாம் ஜார்ஜ், சார்லட் இணையரின் உருவங்களும் காம்பின் நுனியில் இடம்பெற்றன. வெள்ளி வாங்க இயலாதவன் கையில் அரச உருவம் வந்து சேர்ந்தது.

கழகமும் முத்திரையும்

இலண்டன் பியூட்டர் வினைஞர் 1348இலேயே தம் தொழிலுக்கு விதிகள் வகுத்துக்கொண்டனர். எந்தக் கலத்திற்குச் செம்பு சேர்த்த உயர்ந்த உலோகம், எதற்குக் காரீயம் சேர்க்கலாம் என்று அவ்விதிகள் வரையறுத்தன. 1474இல் நான்காம் எட்வர்டு மன்னரிடமிருந்து இக்கழகம் உரிமைப் பட்டயம் பெற்றது. நாட்டின் பிற பகுதிகளுக்கும் சென்று பொருள்களைச் சோதிக்கும் அதிகாரம் அதற்கு இருந்தது. தரம் குறைந்த பொருள் பறிமுதலாயிற்று. செய்தவன் தண்டம் செலுத்தினான். 1503–04இல் ஏழாம் ஹென்றி மன்னர் காலத்து நாடாளுமன்றம், பியூட்டர் கலம் செய்வோர் தத்தம் முத்திரையை அவற்றிற் பொறிக்க வேண்டும் என்று சட்டம் இயற்றிற்று.

இச்சட்டத்தின் நோக்கம் வினைஞனுக்குப் புகழ் சேர்ப்பதன்று. உலோகத்தில் எவ்வளவு காரீயம் கலந்துள்ளது என்பதை வாங்குவோன் கண்ணாற் கண்டு தேற இயலாது. ஏமாற்றம் பிறகு வெளிப்பட்டால் யாரைக் கேட்பது என்னும் வினாவிற்கு முத்திரையே விடை. குற்றம் காணப்படும் நாளில் தன்னை அடையாளம் காட்டிக்கொடுக்கும் சான்றினை வினைஞன் தன் கையாலேயே தன் பொருளில் இட்டான். அக்காலத்து ஆங்கில நாட்டில் முத்திரைக்குத் தொடுகை என்னும் பொருள்பட்ட சொல்லே வழங்கிற்று.

முத்திரையிடும் உரிமை எளிதிற் கிட்டியதன்று. இளைஞன் ஓர் ஆசானிடம் ஏழாண்டுகள் தொழில் பயிலல் வேண்டும். பிறகு கழகத்து உறுப்பினனாகி, தனிக்கடை திறக்க இசைவு பெற்று, கழக மன்றத்திலுள்ள பியூட்டர் தகட்டில் தன் முத்திரையை அடித்துப் பதிவு செய்தல் வேண்டும். அதுமுதல் அவன் செய்யும் பொருள்களுக்கு அத்தகடே சான்று.

இத்தொழிலிலும் படிநிலைகள் இருந்தன. தட்டு செய்வோர் ஒரு பிரிவினர். குடம், குவளை செய்வோர் மற்றொரு பிரிவினர். கரண்டி, உப்புக்கிண்ணம், பொத்தான் போன்ற சிறு பொருள்களைச் செய்வோர் மூன்றாம் பிரிவினர். சிறியது, அற்பமானது எனப் பொருள்தரும் சொல்லாலேயே இம்மூன்றாம் பிரிவினர் அழைக்கப்பட்டனர். நாள்தோறும் வாய்க்கும் கைக்கும் இடையே உழைக்கும் கருவியைச் செய்தவர்க்குக் கிடைத்த பெயர் அதுவே. ஆயினும் அவர்களும் முத்திரையிட்டனர்.

முத்திரை அமைந்த இடமும் நோக்கத்தக்கது. 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை அது குழியின் உட்புறத்தில், காம்பு தொடங்குமிடத்தருகே பொறிக்கப்பட்டது. இலண்டன் வெள்ளிக் கரண்டிகளில் சிறுத்தைத் தலை முத்திரை இருந்த இடம் அது. சிறு புள்ளிகளால் ஆன வட்டத்திற்குள் பெயரின் முதலெழுத்துகள் இரண்டும், அவற்றோடு ஒரு சாவி, ஓர் இதயம், ஒரு விண்மீன், ஒரு மலர், சிலவற்றில் ஒரு கரண்டியேகூடக் காணப்படும். ஒரே முதலெழுத்துகளையுடைய வினைஞர் பலர் இருந்தமையால் உருவம் வேண்டியதாயிற்று. எழுத்தறியாதார்க்கும் உருவம் பேசும். கூழோ குழம்போ நிறையும்போது அம்முத்திரை மறையும். உண்டு முடித்துக் குழி வெறுமையாகும்போது வெளிப்படும். தன் பணி நிறைவேறும் நேரத்தில் மறைந்திருந்து, நிறைவேறிய பின்னரே முகங்காட்டும் அடையாளம் அது. தட்டைக் காம்பு வந்தபின் முத்திரை காம்பின் பின்புறத்திற்கு இடம் மாறிற்று.

கரண்டியில் மற்றொரு குறியும் உண்டு. அது வாங்கியவனுடையது. மூன்றெழுத்து முக்கோணமாக அமைந்தால், மேலுள்ளது குடும்பப் பெயரின் முதலெழுத்து; கீழுள்ள இரண்டும் கணவன், மனைவி பெயர்களின் முதலெழுத்துகள். அது பெரும்பாலும் திருமணத்தின் நினைவு. இவ்வாறு செய்தவனின் குறி ஒரு பக்கமும், ஆண்டவனின் குறி மறுபக்கமுமாக ஒரே கரண்டி இரு இல்லங்களின் கதையைத் தாங்குகின்றது.

போலிகளும் இல்லாமலில்லை. வெள்ளிப் பொருளில் உள்ள ஹால்மார்க் முத்திரைகளைப் போலவே நான்கு சிறு கேடயங்களைப் பியூட்டர் வினைஞர் பலர் தம் பொருள்களிற் பொறித்தனர். பொற்கொல்லர் கழகம் முறையிட்டும் அவ்வழக்கம் ஒழியவில்லை. முடிசூடிய ரோசா உருவமும், சிறந்த உலோகத்தைக் குறிக்கும் முடிசூடிய எக்ஸ் எழுத்தும், இலண்டன் என்னும் ஊர்ப்பெயரும் துணை முத்திரைகளாயின. பித்தளைக் கரண்டி செய்வோரோ அதன்மேல் ஈயம் பூசி, இருமுறை வெண்மையாக்கியது என்று எழுத்திற் பொறித்து விற்றனர். ஒரு முத்திரை மதிப்புப் பெறும்போதே அதன் நிழலும் உடன் தோன்றிவிடுகின்றது.

தீயில் மறைந்த பெயர்கள்

1666 செப்டம்பரில் இலண்டன் மாநகரைப் பெருந்தீ பற்றியது. லைம் தெருவிலிருந்த பியூட்டர் வினைஞர் மன்றம் அத்தீயில் அழிந்தது. பல தலைமுறையினர் தம் முத்திரைகளைப் பதித்து வைத்த தகடுகளும் அதனுடன் அழிந்தன. அவையும் இளகிய உலோகத்தால் ஆனவையே அல்லவா? பின்னர் 1668 அளவிற் புதிய தகடு தொடங்கப்பட்டது. உயிரோடிருந்த வினைஞர் வந்து தம் முத்திரைகளை மீண்டும் அடித்தனர். இறந்தோர்க்கு அவ்வாய்ப்பு இல்லை. அன்றுதொட்டு 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதிவரை தொடர்ந்த தகடுகள் ஐந்து. அவற்றில் ஏறத்தாழ 1,090 முத்திரைகள் உள்ளன.

இதனால் ஒரு விந்தையான நிலை ஏற்பட்டது. தீக்குப் பிந்திய முத்திரைகள் பலவற்றிற்கு உரியவர் பெயரைச் சொல்லலாம். தீக்கு முந்தியனவற்றிற் பெரும்பாலானவற்றிற்கு முத்திரை உண்டு; பெயர் இல்லை. பொருளைக் கண்டு, குறியைக் கண்டு, கையின் திறத்தையும் கண்டுவிடுகின்றோம். ஆளைக் காண இயலவில்லை. இந்நிலையில் ஆய்வாளர் அவ்வினைஞரை அவர்தம் முத்திரை உருவத்தைக் கொண்டே சுட்டுகின்றனர். இயற்பெயர் தெரியாமற்போன சங்கப் புலவரை அவர்தம் பாட்டில் வந்த தொடரைக்கொண்டே செம்புலப்பெயனீரார் என்றும் அணிலாடு முன்றிலார் என்றும் நம் முன்னோர் அழைத்தமை இங்கு நினைக்கத்தக்கது. பதிவு அழிந்த பின் படைப்பே பெயராகும் நிலை இரு நாட்டிற்கும் பொதுவாயிற்று.

கடல் கடந்த கரண்டி

தகட்டிற் பதியாத ஒரு முத்திரையும் இவ்வரலாற்றில் உண்டு. வட அமெரிக்காவில் ஆங்கிலேயர் குடியேற்றமாகிய வர்ஜீனியாவில், ஜேம்சுடவுன் என்னும் பழைய ஊரில் 1930களில் அகழாய்வு நடைபெற்றது. அதில் மூன்று மடல் நுனி கொண்ட பியூட்டர் கரண்டியின் உடைந்த காம்பு கிடைத்தது. அதன் முத்திரையில் நடுவே ஓர் இதயம், சுற்றிலும் எழுத்துகள். ஜோசப் கோப்லண்ட், 1675, சக்கடக் என்று அதனைப் படித்தனர். சக்கடக் என்பது அக்குடியேற்றத்து ஊர். அமெரிக்க மண்ணிற் செய்யப்பட்டுச் செய்தவன் பெயரோடு கிடைத்த பியூட்டர் பொருள்களுள் மிகப் பழையது இதுவே எனக் கருதப்படுகின்றது.

இலண்டன் வினைஞனுக்கு இரண்டு எழுத்தும் ஓர் உருவமும் போதுமாயிருந்தன. எஞ்சியதை மன்றத்துத் தகடு சொல்லும். கோப்லண்டின் ஊரில் மன்றமும் இல்லை, தகடும் இல்லை, சோதிக்க வரும் ஆய்வாளரும் இல்லை. அந்நிலையில் அவர் தம் முழுப்பெயரையும் ஊரையும் ஆண்டையும் கரண்டியிலேயே பொறித்தார். கேட்பார் எவருமில்லாத இடத்திலும் தம்மைத் தேடி வருவோர்க்கு முகவரி தந்துவைத்தார் எனலாம். இலண்டனில் சட்டத்தால் வந்த பொறுப்பு, அங்கே ஒருவரின் மனத்தால் வந்தது. மண்ணுக்குள் இருநூற்றைம்பது ஆண்டுகள் கிடந்த பின்னும் அம்முகவரி தெளிவாகவே இருந்தது.

மறைவும் மீட்சியும்

18ஆம் நூற்றாண்டில் பீங்கான் கலங்கள் மலிந்தன. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் செபீல்டு நகரில் பிரிட்டானியா உலோகம் தோன்றிற்று. 1840இல் மின்முலாம் பூசும் முறைக்குக் காப்புரிமை பெறப்பட்டபின் வெள்ளியின் ஒளி மலிவாயிற்று. பியூட்டர் கரண்டி மேசையினின்று மெல்ல விலகிற்று. முத்திரைத் தகடுகளிலும் புதிய பதிவுகள் நின்றுபோயின.

பயன் முடிந்த பின்னரே மதிப்பு வந்தது. 1904இல் இலண்டனில் பழம் பியூட்டர் கண்காட்சி நடைபெற்றது. 1908இல் ஹில்டன் பிரைசு என்பார் மலிவு உலோகக் கரண்டிகளை மட்டுமே பொருளாகக் கொண்டு முத்திரைப் படங்களுடன் ஒரு நூல் வெளியிட்டார். 1918இல் சேகரிப்போர் சங்கம் அமைந்தது. 1929இல் கோட்டரெல் என்பார் வினைஞர் பெயர்களையும் முத்திரைகளையும் திரட்டிப் பெருந்தொகுப்பு ஒன்றை அளித்தார். தேய்ந்த வட்டங்களை உருப்பெருக்காடியில் நோக்கி, ஓரெழுத்து, அரை உருவம் எனச் சேர்த்து, அவர்கள் மறைந்தோர்க்குப் பெயர் மீட்டனர்.

இவ்வரலாறு இலக்கிய வட்டத்தார்க்கு உணர்த்துவது யாது? படைப்பின்கீழ் இடும் பெயரை இன்று நாம் புகழுக்குரியதாகவே எண்ணிப் பழகிவிட்டோம். கரண்டி செய்த சிறுவினைஞன் அதனைக் கடனாக எண்ணினான். கலப்படம் இருந்தால் என்னிடம் வாருங்கள் என்பதே அம்முத்திரையின் பொருள். அவனுடைய பதிவேடு எரிந்தது, பெயரும் போயிற்று. அவன் வார்த்த நல்லுலோகம் சேற்றுக்குள்ளும் கெடாமல் நின்றது. பத்தாண்டு நிறைவில் நம் பெயர்களையும் எழுத்துகளையும் ஒரு மலரிற் பதிக்கும் இவ்வேளையில், ஒவ்வொரு பெயரின் மேலும் உள்ள எழுத்து அதனைத் தாங்கும் தரத்தினதாய் இருத்தல் வேண்டும். பெயர் ஒருநாள் தேய்ந்தாலும், உள்ளே காரீயம் மிகாமற் பார்த்துக்கொள்வது நம் கையில் உள்ளது.